வெறும் சத்தந்தான்

ஏ மக்கா, மொதல்ல அந்தச் செல்ல உள்ள வைங்க, காது ரெண்டையும் வெளிய எடுங்க. உங்க எல்லாரு காதயும் சேத்து அரைச்சாக்கூட ஒரு நல்ல காது தேறாதுன்னு எனக்குத் தெரியும். பைக்கு செயின் அறுந்து ரோட்டுல இழுத்துக்கிட்டு வந்தாலும் பாட்டு கேட்டுக்கிட்டே வார பயலுவ நீங்க. ஆனாலும் இன்னிக்கு ஒரு சத்தத்தப் பத்தித்தான் சொல்லப் போறேன், வேற ஆளு கிடைக்கல. கதைன்னதும் வெட்டுக்குத்து, ஓடிப்போனது, போலீஸ்னு வாயப் பொளக்காதீங்க, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. மத்தியானச் சோறு தின்னுட்டு ஒருத்தன் காரு ஓட்டுதான், பின் சீட்டுல அவன் அக்காவும் அவ பிள்ளையும் இருக்காவ, அவ்வளவுதான். அவனுக்கு ஒரு பேரு வேணும்லா, ஜெபசிங்குன்னு வச்சிக்கிடுவோம். என் மொகத்த எதுக்கு அப்பிடிப் பாக்கிய? நாசரேத்துல கல்லெடுத்து எறிஞ்சா ஏதாவது ஒரு ஜெபசிங்கு மண்டைலதான் விழும்.

காரு அவன் அப்பா காரு. வெள்ளைன்னு ஆர்.சி.ல போட்டிருக்கு, இப்பம் பாத்தா பல்லு தேய்க்காதவன் பல்லு கலரு. அந்தக் காருல இடதுபக்க முன்வீலு பேரிங் தேஞ்சு கெடக்கு. வீலு சுத்துத எடத்துல, அச்சுல, குண்டு குண்டா இரும்பு உருண்டைய வளையமா அடுக்கி வச்சிருப்பான்லா, அதுதான். அது தேஞ்சா வண்டி பாட ஆரம்பிக்கும். இருபத்தஞ்சுல போனா ஒண்ணும் கேக்காது, முப்பத்தஞ்சுல தொண்டையச் செருமும், நாப்பத்தஞ்சுக்கு வந்தா ம்ம்ம்ம்னு ஒரே சுருதில நிக்கும், சர்ச்சுல ஆர்கன்ல ஒரு கட்டைய அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே வாசிக்கவரு தூங்கிட்ட மாதிரி. அந்த நாப்பத்தஞ்சுலதான் இப்பம் போறான் ஜெபசிங்கு, முள்ளு அசையாம, மெஞ்ஞானபுரம் ரோட்டுல, ஜன்னல் பாதி எறக்கி விட்டு. தேரி மண்ணு செவசெவன்னு கெடக்கு, பனை எல்லாம் தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கி, தூரத்துல சர்ச்சுக் கோபுரம் ஊசி மாதிரி தெரியுது. நடுக்கண்ணாடிய ரோடு தெரியதுக்கு வச்சிருக்கானான்னு கேக்காதீங்க. பிள்ள தெரியதுக்குத்தான் திருப்பி வச்சிருக்கான். கண்ணாடில கெசியா தெரியுதா, அக்கா மடில, வாய கொஞ்சம் போலத் தொறந்து, கை ரெண்டையும் யாரோ துப்பாக்கி காட்டுன மாதிரி மேல தூக்கி வச்சிக்கிட்டுத் தூங்குதா. அவ தலைக்கு மேல பியூலா அக்கா மொகம், அதுவும் தூங்குது, அதுவும் வாயத் தொறந்து. தாயும் மகளும் ஒரே அச்சு. ஒரு ஈ உள்ள வந்திச்சின்னா எந்த வாய்க்குப் போவன்னு குழம்பிரும்.

இந்தப் பிள்ள தொட்டில்ல தூங்காது. தோள்ல தூங்காது. அம்மா கீர்த்தனை பாடுனா இன்னும் சத்தமா அழுவும், அதுல நியாயம் உண்டு, நாங்க எல்லாரும் அந்தப் பாட்டுக்கு அழுதுதான் வளந்தோம், சே, அவன், அவன் அழுதுதான் வளந்தான். ஒரு நாளு ஊசி போடக் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பும்போது காருல கண்ண மூடிச்சி பாருங்க, வீட்டு வாசல்ல எஞ்சின அணைச்ச ஒடனே முழிச்சிக்கிட்டு. ஓஹோ, காருலதான் தூங்கும் போலுக்குன்னு பக்கத்து வீட்டு ஸ்டீபன் சார் புதுக்காரு குடுத்தாரு, ஏசி, பட்டு மாதிரி போவும், பிள்ள மூக்குப்பேரி வரைக்கும் போயி மூக்குப்பேரிலேருந்து திரும்பி வார வரைக்கும் வீறிட்டுக்கிட்டே வந்துது, ஸ்டீபன் சாரு அன்னிலேருந்து எங்களக் கண்டா கதவச் சாத்துதாரு. அப்பந்தான் ஜெபசிங்குக்குப் பொறி தட்டிச்சி. காரு இல்ல, பேரிங். அந்த ம்ம்ம்மு. உலகத்துல வேற எந்தப் பிள்ளைக்காவது இடதுபக்க முன்வீலு தாலாட்டுப் பாடுதான்னு கேட்டுச் சொல்லுங்க.

அதுக்கப்பறம் அவனுக்கு அதுதான் வேல. அவன் வேலைன்னு ஒண்ணச் செஞ்சத நீங்க பாத்திருக்கியளா. பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேந்தான், பேரிங் பாடம் வாரதுக்கு முந்துன செமஸ்டரோட வெளிய வந்துட்டான், அது கர்த்தருக்கே சிரிப்பு வந்திருக்கும். செல்போன் கடைக்குப் போனான், திருப்பூரு போனான், ஏசி மெக்கானிக்கு படிக்கேன்னு தூத்துக்குடிக்கு போயி ஏசி ரூம்ல உக்காந்திருந்துட்டு வந்தான். ஒரு எடத்துல உக்காந்தா குண்டில எறும்பு கடிக்கும் அவனுக்கு. வீட்டுல அப்பா அவனப் பத்தி கேக்கும்போது பேரச் சொல்லமாட்டாரு, அது எங்கன்னுதான் கேப்பாரு, தொலைஞ்சு போன டார்ச் லைட்ட கேக்க மாதிரி. இப்பம் சோறு தின்னு முடிச்சதும் அக்கா வாரா, ஏல ஜெபா, வண்டிய எடுல, இவ கண்ணு சொருவுதுன்னு சொல்லுதா, அப்பா எந்திரிச்சிப் போயி கேட்டத் தொறந்து விடுதாரு. கேட்டு. அப்பா. அவனுக்காக. ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு அவரத் தாண்டிப் போவும்போது பெரிய டாக்டரு ஆபரேசனுக்குப் போறது மாதிரி மொகத்த வச்சிக்கிடுவான். ஒரு மணி நேரம் எறும்பு கடிக்காது. ஆச்சரியம் அது. கால் ஆக்சிலேட்டர்ல ஒரே அளவுல இருக்கும், மனசும் அந்த ம்ம்ம்ல உக்காந்துக்கிடும், செவந்த மண்ணு, பனை, வாழத்தோட்டம், திரும்பவும் செவந்த மண்ணு.

வளைவு வருது. வலது பக்கம் திரும்புத வளைவு. நல்லது. வலது பக்கம் திருப்புனா வண்டி பாரம் இடது வீலு மேல சாயும், பாட்டு கூடும், ம்ம்ம்மு தடிக்கும், பிள்ள இன்னும் ஆழமாப் போவும். இடது பக்கம் திருப்புனா பாரம் மாறிரும், பாட்டு எறங்கிப் போவும், கெசியா நெத்தியச் சுருக்குவா, பாஸ்டரு பிரசங்கத்துல கேப்பு விட்டா முழிச்சிப் பாக்கவனுவள மாதிரி. அதனால ஜெபசிங்கு ஒரு வட்டம் கண்டுபிடிச்சி வச்சிருக்கான், முக்காவாசி வலது வளைவு, கடியாரம் சுத்துத மாதிரி சுத்தி வந்து வீட்டுல நிக்கலாம். அற்புதம் அண்ணாச்சிட்ட இத பெருமையாச் சொன்னான். ஒர்க்ஷாப்புக்காரரு அவரு. மூஞ்சிய ஒரு மாதிரியா வச்சிக்கிட்டு, ஏல, புண்ணுலயே திரும்பத் திரும்ப குத்துனா சுகமா இருக்குன்னு சொல்லுத, அது ஒரு நாளைக்குப் பூட்டிக்கிடும், இல்லன்னா வீலு தனியாப் போவும், நீ தனியாப் போவன்னாரு. சிரிச்சான். அவரு சிரிக்கல. சரி, அத இப்பம் எதுக்கு நெனைக்கணும். காலைல ஜாக்கி போட்டுத் தூக்கி, வீல மேலயும் கீழயும் பிடிச்சி ஆட்டிப் பாத்தாச்சி. டக்குனு ஒரு சின்ன ஆட்டம். நேத்தும் அதே டக்குதான். கொஞ்சம் பெரிய டக்கா இருந்திச்சோ. டக்குக்கு என்ன அளவு, அத எந்த ஸ்கேல வச்சி அளக்க.

அது கெடக்கு. இன்னிக்குக் காத்து நல்லாருக்கு.

பேரிங் மாத்துனா அக்கா போயிருவா. அதுதான் விசயம், மத்ததெல்லாம் சும்மா. பிரசவத்துக்கு வந்த பிள்ளைய இவ்வளவு நாளு யாரு வச்சிருப்பா, கோயமுத்தூர்ல ராஜன் அத்தான் ஒத்தைல பொங்கித் தின்னுக்கிட்டு கெடக்காரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் கரெக்டா போன் பண்ணுவாரு, மாப்ள, பேரிங் வந்துட்டா? இன்னும் வரல அத்தான், பழைய மாடல்லா, திருநவேலில சொல்லி வச்சிருக்கு. சரி மாப்ள, பாத்துக்கிடுங்க. நல்ல மனுசன், சண்டை போட்டாக்கூட நல்லாருக்கும். வாடகைக் காரு பிடிச்சிப் போலாம்லான்னு அப்பா ஒரு நாளு மெதுவாக் கேட்டாரு, அம்மா விடல. தலப்பிள்ளைய தாய்மாமன்தான் சொந்த வண்டில கொண்டு விடணும், வாடகை வண்டில போயி எறங்குனா அவ மாமியா என் பேத்திக்குக் கல்யாணம் ஆவுத வரைக்கும் சொல்லிக் காட்டுவா. சத்தம் போடுத வண்டிலயும் போவக் கூடாது, பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு அம்புட்டுத் தூரம்னுட்டா. ஆக, சொந்த வண்டியும் வேணும், சத்தமும் இருக்கக் கூடாது. அம்மா போட்ட சட்டம் அது, அம்மாவுக்கே தெரியாம ஜெபசிங்குக்குத் தோதாப் போட்ட சட்டம். அக்கா சூட்கேஸ கட்டி வாசப்பக்கம் வச்சிருக்கா. அடிக்கடி அதத் தொறந்து ஒரு ரெண்டு சட்டைய எடுத்து வெளிய போடுதா. கெசியா வளந்துட்டா, கட்டி வச்ச சட்ட போட்டுப் பாக்காமலே பத்தாமப் போயிட்டு. மஞ்சள்ல வாத்து போட்ட ஒண்ணு. அத நிமுத்திப் பிடிச்சிக்கிட்டு அக்கா கொஞ்ச நேரம் நின்னா, ராஜன் வாங்கி அனுப்புனதுன்னா, அவனப் பாத்து இல்ல, சட்டையப் பாத்து. அன்னிக்கு டிக்கில போயி, சரி, டிக்கியப் பத்தி இப்பம் வேண்டாம்.

வாழத்தோட்டம். மோட்டர் ஓடுது, தண்ணி குழாய்லேருந்து கொட்டுத எடத்துல ஒரு நாய் நின்னு குடிக்கி. இந்தத் தோட்டத்தத் தாண்டி இடது வளைவு ஒண்ணு இருக்கு, வட்டத்துலயே அது ஒண்ணுதான் எதிரி. மெதுவா வாங்கணும், பிள்ள முழிக்கதுக்குள்ள அடுத்த வலது வளைவு வந்துரும். அக்கா தூக்கத்துல ஏதோ சொல்லுதா. கோயமுத்தூர் போன பொறவு ஒரு நாளு ராத்திரி பிள்ள அழுவும், அத்தான் தோள்ல போட்டுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடப்பாரு, அவரு வண்டி புது வண்டி, பாடாது, பைக்கு வேற. அப்பம் பிள்ள என்ன நெனைக்கும். பிள்ள ஒண்ணும் நெனைக்காது, ரெண்டு நாளுல மறந்துரும், பிள்ளைக்கு வேற ஏதாவது சத்தம் பிடிச்சிப் போவும், மிக்சி, பேன், அத்தான் கொறட்ட. இங்க மத்தியானம் சோறு தின்னு முடிச்சதும் யாரும் ஏல ஜெபான்னு கூப்பிட மாட்டாவ. அப்பா கேட்டத் தொறக்க எதுக்கு வாராரு. அவன் திரும்பவும் அது ஆயிருவான். தூத்துக்குடிக்கோ, எங்கயோ. எறும்பு. டிக்கில ஸ்டெப்னிக்கு அடில, வேண்டாம்னேம்லா.

இடது வளைவு. மெதுவா. பாட்டு எறங்கணும் இப்பம். எறங்கல. எறங்காம ஒரு மாதிரி கரகரங்கு. மண்ணு மென்ன மாதிரி. ரோட்டுல மண்ணு கெடக்கும், தேரி மண்ணு காத்துல பறந்து வந்து விழும். வளைவு முடிஞ்சி, நேரு ரோடு, கரகரப்பு போவல. ம்ம்ம்மு இல்ல இப்பம், க்ர்ர்ர்னு, அதுக்கு ஊடால டக், டக்குன்னு. ஸ்டியரிங் கைக்குள்ள நடுங்குது, ரொம்ப இல்ல, காச்சக்காரன் கையப் பிடிச்ச மாதிரி. நாப்பத்தஞ்சு, நாப்பது, முப்பது. கண்ணாடில பிள்ள தூங்குதா. வீலு தனியாப் போவும், நீ தனியாப் போவ. அப்பந்தான் மக்கா, அவனுக்குப் படமா ஓட ஆரம்பிச்சிட்டு: வீலு கழண்டு காருக்கு முன்னால உருண்டு போவுது, அழகா, அவசரமே இல்லாம, ஸ்கூல் விட்ட பையன் மாதிரி, ரோட்ட விட்டு எறங்கி வாழைக்குள்ள போவுது, இவன் அதப் பாத்துக்கிட்டே இருக்கான், பொறவுதான் காரு மூக்கு இடது பக்கம் குத்துது. இடது பக்கம். அக்கா எந்தப் பக்கம் உக்காந்திருக்கா. இடது பக்கம்தான், எப்பமும் இடது பக்கம்தான், வெயிலு அந்தப் பக்கம் அடிக்காது, அவந்தான் சொன்னான், அங்கன உக்காரு யக்கா நெழலா இருக்கும்னு. அந்த வீலுக்கு நேர் பின்னால. வலது வளைவாப் பாத்துப் பாத்துப் புண்ணுலயே குத்தி, அதுக்குப் பின்னாலயே பிள்ளைய உக்கார வச்சி. ஜோக்கு ஒண்ணு வரணும் இந்த எடத்துல, எப்பமும் வருமே. வரல.

ஒரு பனைக்குப் பக்கத்துல ஓரமா நிப்பாட்டுனான். எஞ்சின அணைக்கல, அணைச்சா முழிச்சிக்கிடுவா. எறங்கிப் போயி வீலுக்குப் பக்கத்துல குத்த வச்சான். நடுவுல கைய வைக்கப் போனான், வைக்கதுக்கு முந்தியே சூடு அடிச்சிட்டு, தோசக்கல்லு மேல கைய நீட்டுன மாதிரி. கிரீஸு கருவுன வாட. வெரல வச்சிப் பாத்தான், எடுத்து வாய்ல வச்சிக்கிட்டான், சின்னப்பிள்ள கணக்கா. தேரி மண்ணு சரிஞ்சி சரிஞ்சி வந்து ரோட்டோரம் நிக்கி, மண்ணுல ஏதோ பூச்சி நடந்து போன தடம், நேரா போயிருக்கு, ஒரு வளைவு இல்ல. அதயே பாத்துக்கிட்டு இருந்தான் கொஞ்ச நேரம்.

அக்கா கண்ணாடிய எறக்கிட்டு தலைய வெளிய நீட்டுனா. மெதுவாக் கேட்டா, பிள்ள முழிச்சிரக் கூடாதுன்னு. "என்னல, பஞ்சரா?"

"இல்லக்கா. பேரிங்கு."

"அது எப்பமும் உள்ள சத்தம்தான. வெறும் சத்தந்தான்னுதான சொன்ன நீ."

அவன் எந்திரிக்கல. "சத்தம் மட்டும் இல்லக்கா. வீலு கழண்டுரும். அற்புதம் அண்ணாச்சி மொதல்லயே சொல்லிட்டாரு."

அக்கா பிள்ளைய ஒரு கையால நெஞ்சோட சேத்து அணச்சிக்கிட்டா, சீட்டுல கொஞ்சம் கொஞ்சமா நவுந்து, புடவைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு, வலது பக்கத்து ஜன்னலு வரைக்கும் போயிட்டா. வெயிலு அவ மேல நேரா விழுது இப்பம். துண்ட எடுத்து பிள்ள மொகத்துக்கு மறச்சிக்கிட்டா.

"அப்பம் இவ்வளவு நாளு ஏம்ல மாத்தல. பேரிங்கு வரலங்கதுக்காவ ஒரு வீலு மேல பிள்ளைய வச்சிக்கிட்டு சுத்துவியால?"

"வந்துட்டுக்கா."

"என்னது வந்துட்டு?"

"பேரிங்கு. எப்பமோ வந்துட்டு. டிக்கில இருக்கு, ஸ்டெப்னிக்கு அடில."

ரோட்டுல ஒரு டிராக்டர் போச்சி, வாழத்தாரு ஏத்திக்கிட்டு. அது போயி சத்தம் அடங்குத வரைக்கும் அக்கா அவனயே பாத்தா. பொறவு, "அவரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் வரல வரலன்ன," அப்பிடின்னா. "ஆமா." "அந்த வாத்து சட்ட பத்தாமப் போச்சில." "ஆமாக்கா." அழுவாளோன்னு நெனச்சான். அழுவல. இத்தன நாளா ராத்திரி தூங்காத கண்ணு அவளுக்கு, கோவப்படதுக்குக்கூட தெம்பு வேணும்லா. "எதுக்குல?" அவனுக்குத் தெரிஞ்ச பதிலு எல்லாம் சிரிப்புப் பதிலு. "அப்பா கேட்டத் தொறந்து விடுதாருக்கா," அப்பிடின்னான். அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கல அவ. அவளும் அந்த வீட்டுப் பிள்ளதான. "கிறுக்குப் பயல," அப்பிடின்னா, அடிக்காத கொறை. "மெதுவா ஓட்டு. நேரா அண்ணாச்சி கடைக்கு விடு. இன்னிக்கே மாத்து. ராஜன்ட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்."

போனாவ. நடக்கவன் தாண்டிப் போயிருவான், அந்த வேகத்துல. ஒரு ஆடு கூடவே கொஞ்ச தூரம் வந்து பாத்துட்டு, இவனுவ வேலைக்கு ஆவ மாட்டானுவன்னு திரும்பிட்டு. இந்த வேகத்துல பாட்டு கெடையாது, க்ர்ர் டக், க்ர்ர் டக்குதான். அதுக்கும் கெசியா தூங்குதா பாருங்க, அதுலயும் தூங்குதா. அவனுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பக்கம் பயம் அடிச்சிக்கிட்டு இருக்கு, இன்னொரு பக்கம், சொல்லக் கூடாது, நல்லாருக்கு. பொய்ய எடுத்து வெளிய வச்சாச்சி. ஒளிச்சி வச்சதுக்கு மேல ஸ்டெப்னி எவ்வளவு கனம்னு இப்பந்தான் தெரியுது. கோபுரம் முதுகுப் பக்கம் போயிட்டு, காத்து வருது, கோயமுத்தூரு வரைக்கும் வண்டி அவந்தான ஓட்டப் போறான், அம்மா சட்டம் அது, அம்புட்டுத் தூரமும் அவந்தான். அதுக்கப்பறம் அத்தான் வீட்டுல மத்தியானம் பிள்ள அழுதா, ஏல ஜெபா வாலன்னு கூப்பிடாமயா இருப்பா, பாப்போம்.

கடை தெரியுத நேரத்துல பின்னாலேருந்து அக்கா செல்ல நீட்டுனா. "அண்ணாச்சி கழத்துததுக்கு முந்தி இந்தச் சத்தத்தப் பிடிச்சிக் குடுல. அங்கன போயி இவ தூங்கணும்." "யக்கா, அந்த நல்ல சத்தம் நாப்பத்தஞ்சுல போனாத்தான் வரும்." "அப்பம் வேண்டாம்," அப்பிடின்னா ஒடனே. பொறவு, "நீ வாயால பாடிக் குடு," அப்பிடின்னா. அற்புதம் அண்ணாச்சி கைல ஸ்பேனரோட வெளிய வந்து பாக்காரு, ஒருத்தன் ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு செல்லுக்குள்ள ம்ம்ம்ம்னு முக்கிக்கிட்டு இருக்கான். ஆசுபத்திரிக்குக் கொண்டு போன்னுட்டு உள்ள போயிட்டாரு.

சிரிங்க, சிரிங்க. ஆனா ஒண்ணு மக்கா. அவன் அவன்னே சொல்லிட்டு வந்தேன், ஜெபசிங்குன்னு ஏதோ ஊராம்பிள்ள பேரு மாதிரி. பேரிங்க டிக்கில ஒளிச்சி வச்சது நான். வெறும் சத்தந்தான்னு சொல்லி, அந்த வீலுக்குப் பின்னாலயே எங்கக்காவ உக்கார வச்சதும் நாந்தான்.